அரங்கிசையும் அலைபேசியும்

மக்கள் உள்ளத்தை உருக்கியும் மகிழ்வித்தும் ஒன்றுபடுத்தும் ஆற்றல், கலைகள் பலவற்றுள்ளும் இசைக்கே சிறப்பாக உரியது என்பதை எவரும் மறுக்கார். இக்காலத்து மாணவராகிய நாம் அவ்விசையை இருவகையால் நுகர்கின்றோம். பாடுவாரும் கொட்டுவாரும் கண்ணெதிரே இருக்க, ஊராரோடு ஒருங்கிருந்து கேட்பது ஒன்று. அலைபேசியின் சிறு திரையில், இணையத்தின் வாயிலாக வரும் காணொளிகளைத் தனித்திருந்து கண்டு களிப்பது மற்றொன்று. இவ்விரண்டினையும் பற்றி நம் விடுதியில் ஓயாது சொற்போர் நிகழ்கின்றது. 'காணொளி வந்தது, கச்சேரி கெட்டது' என்பர் மூத்தோர் சிலர். 'எல்லாம் கையகத்தே இருக்க, பனியில் நனைந்து இரவெல்லாம் கண்விழிப்பானேன்?' என்பர் இளைஞர் சிலர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது நம் கருத்து. அதனை விளக்கவே இச்சிறு கட்டுரை எழுந்தது.

முதற்கண் காணொளிக்கு உரிய புகழைக் குறைவின்றிக் கூறிவிடுவோம்; நாமும் அதன் அன்பர்களே. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் யானைகளின் முன்னே நின்று ஓர் இளைஞர் பேசிய 19 வினாடிக் காட்சியே யூடியூபில் ஏறிய முதற் காணொளி. அத்துணைச் சிறிய வித்திலிருந்து இன்று எத்துணைப் பெரிய ஆலமரம் கிளைத்திருக்கின்றது! புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூரில், ஒரு முதியவரும் அவர்தம் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிப் பெருங்கலங்களிற் சமைப்பதை 2018 முதல் படம்பிடித்து வெளியிட்டனர். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அவ்வரிசையை, 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்குள் ஒரு கோடிப் பேர் பின்தொடரலாயினர். தமிழ்ச் சேனல்களுள் அவ்வெண்ணை முதன்முதல் எட்டியது அதுவே. அரங்கும் இல்லை, அரிதாரமும் இல்லை, அம்மி ஓசையும் ஆரவாரக் குரலுமே அதன் இசை. எனினும் அதனைக் காணும்பொழுது பசித்திருப்பானும் சிரிப்பான், உண்டிருப்பானும் பசிப்பான்.

நகைச்சுவையைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. 2001-இல் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' திரைப்படத்தில், வடிவேலு நடித்த நேசமணியின் தலையிற் சுத்தியல் வீழும் காட்சி ஒன்றுண்டு. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாத இறுதியில், யாரோ ஒருவர் சுத்தியலின் படத்தைக் காட்டி, 'இதற்கு நும் நாட்டில் என்ன பெயர்?' என்று இணையத்தில் வினவினார். நம் தமிழர் ஒருவர் நேசமணிக்கு நேர்ந்த விபத்தை உண்மை நிகழ்ச்சி போல் விடையிறுத்தார். 'நேசமணிக்காக வேண்டுங்கள்' என்னும் வேடிக்கை வேண்டுகோள் உலகெங்கும் பரவியது. அடிபட்டவர் யாரென்று அறியாத அயல்நாட்டாரும் அவர் நலம்பெற வேண்டிக்கொண்டனர்! ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் தமிழர் ஒரே நாளில் ஒரே சிரிப்பைச் சிரித்தது அன்றோ அதன் அழகு? 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரலை, அவ்வம்மையார் காலத்துச் சபைகளின் வாயிலைக்கூடக் கண்டிராத மலையூர்ச் சிறுமி ஒருத்தி இன்று கேட்கின்றாள் எனின், அதற்குக் காரணமும் இக்கருவியே. இதனைப் பழிப்பது நன்றி மறப்பதாகும்.

அன்றியும், இப்பழி புதியதன்று. கிராமபோன் வந்தபொழுதும் இதே குரல் எழுந்தது. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். ஓர் இராகத்தை ஒரு நாழிகைக்கு மேல் விரித்துப் பாடவல்ல வித்துவான்கள் அதனை அம்மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டியவராயினர். கடலைச் சிமிழில் அடைப்பது போன்ற செயல் அது. பின்னர் 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. 'இனிச் சபைக்கு வருவார் யார்?' என்னும் அச்சம் அப்பொழுதும் பிறந்தது. ஆயின் நிகழ்ந்தது யாது? இசைத்தட்டு விற்பனை ஓங்கிய காலத்திலேயே, 1928-இல், சென்னை மியூசிக் அகாதெமி நிறுவப்பெற்றது. வானொலி வந்து ஐந்தாண்டு கழித்து, 1943-இல், இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரின் வயற்காட்டுப் பாட்டை நாடறியச் செய்ததும் வானொலியே. அதன் பின்னரே 1985-இல் 'ஆண்பாவம்' திரைப்படம் அவரை அழைத்துக்கொண்டது. ஆகவே, பதிந்த இசை நேரிசைக்குப் பகையன்று என்பதற்கு வரலாறே சான்று. இந்தியாவில் 2020 செப்டம்பரில் தொடங்கிய யூடியூப் குறுங்காணொளிகள் முன்னர் 1 நிமிடத்துக்கு மேற்படாதனவாய் இருந்து, 2024 அக்டோபர் முதல் 3 நிமிடம் வரை நீளலாயின. நூறாண்டு சுற்றி வந்து, நாம் மீண்டும் இசைத்தட்டின் அளவிலேயே நிற்கின்றோம் என்றறியுங்கால் நகையே தோன்றுகின்றது.

நிற்க. 'அங்ஙனமாயின் காணொளியே அமையுமே. நேரிற் சென்று கேட்பது எதற்கு?' என வினவும் நண்பர்க்கு இனி விடை கூறுவோம். நேரிசையின் உயிர் பாடுவாரிடத்து மட்டும் உள்ளதன்று. பாதி கேட்பாரிடத்து உள்ளது. இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விழையும் பொருள்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து பயிலும் நாம், கண்ணாற் கண்டதைக்கொண்டே இதனைக் கூறுகின்றோம். சித்தேரி, அரூருக்குத் தெற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் அமைந்த மலையூர். மலையாளி எனப் பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழும் இடம். அப்பெயர் மலையை ஆள்வோர் எனும் பொருளதேயன்றிக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இம்மலையிலும் இதன் அடிவாரத்து ஊர்களிலும் விழா நாள் வந்துவிட்டால் பறையும் மேளமும் முழங்கும், கூத்தும் நிகழும். பறையைத் தீயிற் காய்ச்சித் தோலை இறுக்கி, விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்து, போதாதெனின் மீண்டும் காய்ச்சுவர். அதன் பின் எழும் முதல் அடி காதில் விழுவதன்று, மார்பில் விழுவது. அலைபேசியின் ஒலிபெருக்கியோ கடுகளவினது. முழவின் தாழ்ந்த ஒலியை எழுப்பும் அளவுக்குக் காற்றை அசைக்கும் ஆற்றல் அதற்கு இயல்பாகவே இல்லை. ஆதலின் திரையிற் பறையைக் காண்பவன் கோல் அசைவதைக் காண்கின்றான், அடியை உணர்கின்றானல்லன்.

இஃது ஒலியைப் பற்றிய செய்தி. உயிரைப் பற்றியது வேறு. இரவு பத்து நாழிகைக்கு மேல் தொடங்கி விடியுமளவும் நிகழும் கர்ண மோட்சக் கூத்தை நோக்குக. மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் ஒருபுறம் அமர்ந்திருக்கும். மரத்தாற் செய்த கிரீடமும் புயக்கட்டையும் பூண்ட கர்ணன், இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடத் தொடங்குவான். முன்னிருக்கும் மூதாட்டியர் கண் கலங்கினால் அப்பாட்டு நீளும். சிறுவர் உறங்கத் தலைப்பட்டால் கட்டியங்காரன் உடனே உட்புகுந்து ஊர்ச்செய்தி ஒன்றைச் சொல்லி அவர்களை எழுப்புவான். எவரேனும் பத்து ரூபாய் அன்பளிப்பு நீட்டினால் அவர் பெயரும் ஊரும் அரங்கிலேயே கூறி வாழ்த்தப்படும். ஆகவே, சென்ற ஆண்டு நிகழ்ந்த கர்ண மோட்சமும் இவ்வாண்டு நிகழ்ந்த கர்ண மோட்சமும் ஒன்றல்ல. கேட்டவர் வேறாயினமையின் கூத்தும் வேறாயிற்று. கச்சேரியிலும் இவ்வாறே. முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளமிடும் கிழவர் ஒருவர் 'ஆகா' என்று தலையசைத்தால், பாடகர் அவ்வரியை இன்னும் இருமுறை நிரவல் செய்வர். காணொளியில் பாடுவார்க்கு நம் முகம் தெரியாது. நாம் அழுதாலும் உறங்கினாலும் பாட்டு மாறாது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சித்தேரிக்கு வடகிழக்கே உள்ள செங்கத்தைத் தன் ஊராகக் கொண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது. அது 583 அடிகளால் ஆகியது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் குழலும் பதலையும் பைகளிற் கட்டிச் சுமந்துகொண்டு மலைவழி ஏறும் கூத்தரை அது நமக்குக் காட்டுகின்றது. எந்த வழியிற் செல்லின் எந்த ஊரார் உணவளித்து ஓம்புவர் என்பதே அந்நூலின் பெரும்பகுதி. கூத்தரை ஊட்டிப் போற்றுவதும் கலையின் ஒரு கூறே எனப் புலவர் கருதினார் போலும். மலையில் எழும் ஓசைகளை நிரல்பட அடுக்கி, மலையை யானையாகவும் அவ்வோசையை அதன் மதமாகவும் கண்டமையின் அன்றோ அதற்கு அப்பெயர் வாய்த்தது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இவ்வாறே. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் இலக்கணமும் உரைத்த இளங்கோவடிகள், இறுதியில் மன்னன் மாதவிக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் அளித்ததையும் உரைக்கத் தவறவில்லை. கண்டவன் செய்யவேண்டியதைச் செய்து முடித்த பின்னரே அரங்கேற்றம் நிறைவெய்துகின்றது.

நம் கிறிஸ்தவ மரபினின்றும் ஒரு சான்று காட்டுவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கதாகாலட்சேப முறையைக் கையாண்டு, கேட்போர் கூட்டத்தை முன்வைத்தே பாடினார். அவர் வழிவந்த கீர்த்தனைகள் சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஒருமிக்கப் பாடுதற்கு உரியன. அங்கே கேட்பாரே பாடுவார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஆலயங்கள் அடைபட, அவ்வாராதனையைத் திரையிற் கண்டு நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் தனித்துப் பாடினோம். பாட்டு அதே பாட்டு. இராகமும் அதே இராகம். ஆயினும் பக்கத்திலிருப்பவர் சுருதி பிசகிப் பாடும் குரலுக்காகவும் நம் உள்ளம் ஏங்கியது. அந்த ஏக்கத்தை நினைவிற் கொண்டார்க்கு நாம் மேலும் விளக்க வேண்டுவதில்லை. இசைப் பேராராய்ச்சியாளராகிய ஆபிரகாம் பண்டிதரும் (1859–1919), 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிடுமுன், 1912 முதல் தம் பொருளையே செலவிட்டுத் தஞ்சையில் வித்துவான்களைக் கூட்டி இசை மாநாடுகள் நடத்தினார். ஏட்டிற் காண்பதை நேரிற் கேட்டுத் தெளிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

இனி, இவ்வழக்கில் யாருக்கு இழப்பு என்பதை நோக்குவோம். கேட்பவனுக்கு நேரும் இழப்பு இன்பத்தளவே. கூத்தனுக்கு நேரும் இழப்போ சோற்றளவாயிற்றே. கோடைக்காலத்து விழாக்களே கூத்தர்க்கும் பறைஞர்க்கும் ஆண்டு முழுவதற்கும் வருவாய் தருவன. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நோய்த்தொற்றால் அவ்விழாக்கள் நின்றபொழுது சென்னைச் சபைகள் பல தம் மார்கழி இசையை இணையத்துக்கு மாற்றிக்கொண்டன. மலையடிவாரத்துக் கூத்தனுக்கு அவ்வழியும் இருந்ததில்லை. விழாக்கள் மீண்ட பின்னும் பிறிதொரு குறை தோன்றியுள்ளது. அரங்கின் முன்னே முகங்கள் இருந்த இடத்தில் இன்று அலைபேசிகள் நிமிர்ந்து நிற்கின்றன. இரவெல்லாம் ஆடிய கூத்திலிருந்து சுழன்றாடும் ஒரு நிமிடமும் கோமாளி விழும் அரை நிமிடமும் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, 'கிராமத்துக் கூத்து' என்னும் மொட்டைத் தலைப்பில் ஏறுகின்றன. ஆடியவர் பெயர் இல்லை. கொட்டியவர் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. அதனை இலட்சம் பேர் கண்டாலும் ஆடியவனுக்கு ஒரு காசும் வருவதில்லை. ஏற்றியவனுக்கே ஏதேனும் வரும். சுழற்சிக்கும் விழுதலுக்குமே மதிப்பு உண்டென்று கண்ட குழுவினரும், நாளடைவில் நீண்ட விருத்தங்களைச் சுருக்கத் தலைப்படுவர். பாட்டு அரங்கினின்று மறைந்துபோமாயின் அதன் பின் எடுக்கும் காணொளியில் மட்டும் அஃது எவ்வாறு இருக்கும்?

பெயரை விடுதல் சிறு குற்றமென்று கருதுவார்க்கு ஓர் உண்மைச் செய்தி. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாட்டு, நம் காலத்துக் காணொளிப் பாட்டுகளுள் உலகப் புகழ் எய்தியது. அதனை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியாரின் வாழ்வும், ஒப்பாரியின் சாயலும் அதனுள் உறைகின்றன. அவரும் தீ என்னும் பாடகியாரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் இசையிதழ் ஒன்று அப்பாட்டைச் சிறப்பித்துத் தன் அட்டையில் பிறர் படங்களை வெளியிட்டு, அறிவின் படத்தை மட்டும் விடுத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர் படத்தோடு மற்றோர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் கண்ட பாட்டின் ஆசிரியர்க்கே இந்நிலை எனின், பெயரும் ஊரும் குறிக்கப்பெறாத மலைப்பறைஞர்க்காகக் குரல் கொடுப்பார் யார்?

'மலையூரார்க்கு நேரிசை எங்ஙனம் கிட்டும்? அவர்க்குக் காணொளியே கதி' என இரங்குவாரும் உளர். அவ்விரக்கம் வேண்டா. நேரிசையிற் செல்வர் மலையூராரே. வறியவர் நகரத்து மாணவராகிய நம்மிற் பலர். மார்கழியில் சபையில் நிகழ்வது மட்டுமே நேரிசை என்று கருதுவதால் இம்மயக்கம் நேர்கின்றது. இவ்வெல்லை இப்பொழுது நகரத்திலும் தளர்ந்து வருகின்றது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், இடைக்காலத்து நின்றிருந்து, 2023 முதல் மீண்டும் நிகழ்கின்றது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் கூத்தும் ஒலிக்கின்றன. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் குடியிருப்பிலே கருநாடக இசையும் பிற கலைகளும் ஒரே மேடையேறின. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கினர். இவற்றை முதலிற் காணொளியிற் கண்டு, பின் நேரிற் சென்று அமர்ந்தோர் பலர். காணொளி வாயிற்படி, அரங்கே வீடு. வாயிற்படியிலேயே குடியிருப்பார் உண்டோ?

ஆகவே, மாணவ நண்பர்காள், ஆசிரியப் பெருமக்காள், நாம் வேண்டுவன சிலவே. கூத்தையோ பறையையோ படம்பிடித்து ஏற்றுவார், ஆடியவரின் இசைவைப் பெற்று, அவர்தம் பெயர், குழு, ஊர், நாள் ஆகியவற்றைத் தவறாது எழுதுக. அதனால் வருவாய் கிட்டின் அவர்க்கும் பங்களிக்க. அரங்கின் முன் அமர்ந்தால் ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னர் அலைபேசியை மடியில் வைத்து, நம் முகத்தைப் பாடுவார்க்குக் காட்டுவோம். தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய நாம், ஏட்டிலுள்ள ஆகுளியையும் பதலையையும் ஆராய்வதோடு அமையாது, இன்று வாசிக்கப்படும் முகவீணையையும் கேட்டு, கூத்துப் பாட்டுகளைப் பாடுவார் பெயரோடு எழுதித் தொகுப்போம். கல்லூரி ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கியிற் பதிவுப் பாட்டை ஓடவிட்டு ஆடுவதற்குச் செலவிடும் பொருளுள் ஒரு பகுதியை ஒதுக்கி, மலைப்பறைஞரையும் கூத்துக் குழு ஒன்றையும் முழு ஊதியத்தோடு அழைத்து, விடியுமளவும் ஒரு கூத்தை முழுமையாக நிகழ்த்துமாறு தலைமையாசிரியரை வேண்டுவோம். அயல்நாட்டில் வாழும் பழைய மாணவர், தம் ஊர்க்கூத்தைத் திரையிற் கண்டு கண்ணீர் மல்குங்கால், அக்குழுவிற்கு ஓர் இரவின் ஊதியத்தை அனுப்பி வைப்பாராக. கடலுக்கு அப்பால் இருந்தும் அவர் கேட்பார் ஆவர்.

சிரிப்புக் காணொளியைக் கண்டு சிரிப்போம்; அதனை நண்பர்க்கும் அனுப்புவோம். அதிற் குற்றமில்லை. ஆயினும் அரூரிலோ சித்தேரியிலோ நம் தெருமுனையிலோ பறை காய்ச்சும் தீ தெரியுமாயின், திரையை அணைத்துவிட்டு எழுந்து செல்வோம். ஆங்கே நம் வரவை நோக்கி ஒரு கூத்தன் திரைக்குப் பின்னே நின்றுகொண்டிருக்கின்றான். அவன் பாட்டின் பாதி நம்மிடத்தே உள்ளது. அதனை அவனுக்குக் கொடுத்து மகிழ்வோமாக.